நிறுத்தாமல் நகர்த்த வேண்டும்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பதட்டம் மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனாலும் அவள் காதில் விழாமல் இல்லை. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, உண்மை அதுதானே! வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனபின் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். போன் மணியடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் தோன்றும். கல்யாணமான புதிதில் கணவன் சிரித்தான். பிறகு அவனும் பழகிக்கொண்டான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில். கீழ்த்தளத்துக் கூடத்தில் உட்கார்ந்து அழைப்புகளை எடுப்பவர்கள் வேறு. அவர்களுக்கு ஷிப்ட் பொறுப்பாளர் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா; இவள் கூப்பிடுவது அண்ணி என்று. அந்தப் பதவியைச் சொல்லித்தான் அண்ணி இவளையும் இங்கே சேர்த்துவிட்டாள். இவள் இடம் இரண்டாம் மாடி. மையத்துக்குச் சொந்தமான கிளவுட் அங்கேதான் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்வது இவள் வேலை. கிளவுட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். ஜன்னலில்லாத ஒரு குளிர்ந்த அறை, அதில் இரும்பு அடுக்குகளில் சர்வர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பல வி.எம்.கள், அதாவது தனக்கென்று பெட்டி இல்லாமல் மென்பொருளாகவே ஓடும் கணினிகள். ஒரு சர்வருக்கு உடம்பு சரியில்லையென்றால், உள்ளே ஓடுகிற வி.எம்.களை நிறுத்தாமலே பக்கத்து சர்வருக்கு மாற்றிவிடலாம். தூங்குகிற குழந்தையைத் தூக்கி வேறு கட்டிலில் போடுகிற மாதிரி. மாற்றும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அன்றைக்கு மத்தியானம் மழை பேய்மழையாகக் கொட்டியது. ஏசி மெக்கானிக் ஏணிமேல் நின்றபடி கூப்பிட்டார்.

"மேடம், இங்க வந்து மேல பாருங்க."

கூரைப் பலகை வயிறு உப்பினாற்போல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. நேர்கீழே, ஆம்புலன்ஸ்களை அனுப்புகிற வி.எம். ஓடும் சர்வர்.

அவள் கத்தினாள். "தார்ப்பாய் போட்டு மூடுங்கண்ணா!"

"மூடிட்டேன் மேடம். ஆனா பின்பக்கமா ஏற்கெனவே உள்ள எறங்கிருச்சு. ரொம்ப நேரம் மூடி வச்சாலும் சூட்டுலயே செத்துப்போயிரும்."

அந்த சர்வர் தானாகச் செத்தால் வி.எம்.கள் வேறிடத்தில் மறுபடி எழும். ஆனால் எழுவதற்குச் சில நிமிடம் ஆகும். மழைநாளில் அந்தச் சில நிமிடத்தில் யார் யார் கூப்பிடுவார்களோ!

ஓடிப்போய்த் திரைமுன் உட்கார்ந்தாள். பதற்றத்தில் தப்பு செய்தாள். எல்லா வி.எம்.களையும் ஒரே சமயத்தில் நகர்த்தச் சொல்லிவிட்டாள். சர்வர்களுக்கு நடுவே இருப்பதோ ஒரே கேபிள் வழி, அதில் எல்லாம் முண்டியடித்தன. ஒன்றுமே போய்ச் சேரவில்லை. "அட கடவுளே" என்று அத்தனையையும் ரத்து செய்துவிட்டு, ஒவ்வொன்றாக அனுப்பினாள். சம்பளக் கணக்கு போனது. விடுப்புப் பதிவு போனது. மீதி இருந்தது ஆம்புலன்ஸ் அனுப்பும் வி.எம். மட்டும்.

அதுதான் நகரமாட்டேன் என்றது. அதன் நினைவகத்தில் இருப்பதைப் பக்கத்து சர்வரில் பிரதி எடுப்பதற்குள், கீழே புது அழைப்புகள் வந்து இங்கே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தன. மாறியதைத் திரும்பப் பிரதி எடுக்க வேண்டும். அதற்குள் இன்னும் மாறும். தொண்ணூறு சதவிகிதம் என்று காட்டும், மறுபடி கீழே இறங்கும். அந்த வி.எம்.மின் வேகத்தைக் குறைத்துக் கட்டிப்போட்டால் பிரதி எட்டிப் பிடித்துவிடும். ஆனால் அத்தனை நேரமும் கீழே திரைகள் உறைந்து நிற்கும்.

போனை எடுத்தாள்.

"அண்ணி, நான்தான். உங்க திரையெல்லாம் கொஞ்ச நேரம் நிக்கப் போகுது. நானா நிறுத்தலைன்னா அதுவா செத்துரும், அப்ப ரொம்ப நேரமாகும்."

"இப்பவா? இருடி! ஒரு குழந்தை மூச்சு விடலையாம், அம்மா லைன்ல அழுதுட்டிருக்கா. விலாசம் இன்னும் முழுசா வரலை. வண்டியை அனுப்பிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கை வைக்காத!"

"அண்ணி, இங்க தண்ணி..."

"கை வைக்காதன்னு சொன்னேன்ல!"

போனைக் காதிலேயே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்ணின் அழுகை, தெருப்பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு குரல். இந்தப் பக்கம் தார்ப்பாய்மேல் சொட்டு விழும் சத்தம். மெக்கானிக் வாளியைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றார். சர்வரின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அவள் விரல், வேகத்தைக் குறைக்கும் பொத்தான்மேல் இருந்தது. இப்போது அழுத்தினால் அந்தத் தாய்க்கு நாம் எமன். அழுத்தாமல் இது செத்தால் ஊருக்கே எமன்.

"வண்டி கிளம்பிருச்சு. ம், பண்ணு!"

அழுத்தினாள். கீழே கூடம் முழுக்கத் திரைகள் உறைந்தன. "எல்லாரும் கையால எழுதிக்கங்க!" என்று அண்ணி கத்துவது போனில் கேட்டது. தொண்ணூறைத் தாண்டியது. தொண்ணூற்றெட்டில் நின்றது. மூச்சே விடாமல் பார்த்தாள். முடிந்தது.

"திரையெல்லாம் வந்துருச்சு" என்றாள் அண்ணி.

கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய்க்குள் பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாடை. காலியான சர்வர் அணைந்துபோனது. மெக்கானிக் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

ஷிப்ட் முடிந்து படிக்கட்டில் அண்ணியைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "அந்தக் குழந்தை?"

"வண்டி போய்ச் சேர்ந்தது. அவங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் எங்களுக்கு யார் சொல்லப் போறா?" அண்ணி அவள் முந்தானையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணிக்கும் கண் கலங்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமே அவள் மேலதிகாரியிடம் போராடி ஆம்புலன்ஸ் அனுப்பும் அந்தப் பெரிய வி.எம்.மைப் பல சின்ன வி.எம்.களாகப் பிரித்தாள். நகர்த்துவதற்கென்றே தனி வழியும் போட வைத்தாள். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் நகர்ந்துவிடுகிறது. ஆனால் பொத்தானை அழுத்தும் முன் இன்றும் கீழே போன் போட்டு, "அண்ணி, லைன்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுத்துகிறாள். இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வண்டி கிளம்பும்வரை காத்திருக்கிறாள். எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.