பிள்ளையாருக்கு வைத்த ஆண்பூக்கள்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் எங்கள் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. எனக்கு எட்டு வயதான கோடையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சின்னம்மா பலகணித் தொட்டியில் பாகற்கொடி வளர்த்தார். விதை அவரோடு வந்தது; சித்தப்பா வரவில்லை. விசா கிடைத்ததும், முதற்காயைக் குழம்பு வைக்குமுன் வந்துவிடுவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

கொடி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது, பிஞ்சுதான் பிடிக்கவில்லை. சின்னம்மா என் வண்ணப்பெட்டியிலிருந்த தூரிகையை எடுத்தார். வெறுங்காம்பில் நின்ற ஆண்பூவில் அதைத் துழாவி, அடியில் குட்டிப் பாகற்காயைத் தாங்கியிருந்த பெண்பூவின் நடுவில் தடவினார்.

“அது தேனீயின்ர வேலையெல்லோ, சின்னம்மா?”

“ஓம் பிள்ளை. ஐஞ்சாம் மாடிக்கு அது எப்பிடி ஏறும்? அசான்சரும் பழுது.”

மின்தூக்கி அந்த ஆண்டு முழுவதும் பழுதாகவே கிடந்தது.

சின்னம்மா விளக்கியதில், ஆண்பூ காய்க்காது என்பதை மட்டும் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டேன். காய்க்காத பூ கடவுளுக்கு ஆகும் என்பது என் தீர்ப்பு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, சின்னம்மா அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்யப் போயிருந்தபோது, ஆண்பூ அத்தனையையும் கொய்து சமையலறைப் பிள்ளையார் படத்தின்முன் வைத்து, சித்தப்பாவின் விசாவுக்காக வேண்டிக்கொண்டேன். கொடியில் அன்றுதான் மூன்று பெண்பூக்கள் ஒருசேர விரிந்திருந்தன.

நண்பகலுக்குச் சற்று முன்பு திரும்பிய சின்னம்மா, தூரிகையும் கையுமாகக் கொடியின்முன் திகைத்து நின்றார். நான் பெருமையோடு பிள்ளையாரைக் காட்டினேன்.

“ஐயோ, ஒண்டும் விடாமப் புடுங்கிப் போட்டாளே!” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

“விசாவுக்குத்தான் வைச்சனான்.”

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அவர் படத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

“சாமிக்கு வைச்சதைத் தொடாதையடி!”

“அவருக்குக் காய் தேவையில்லை அக்கா. எனக்குத்தான் தேவை.”

வாடத் தொடங்கிய பூக்களின் இதழ்களைக் களைந்து, ஒவ்வொன்றாகப் பெண்பூவில் நேரே தேய்த்தார். அடுத்த வாரத்தில் இரண்டு பிஞ்சுகள் பழுத்து உதிர்ந்தன. ஒன்று நின்றது.

அந்தக் காயை அவர் பறிக்கவில்லை. “முத்தப்போகுது, ஆய்ஞ்சு குழம்பு வையன்” என்று அம்மா நாள்தோறும் நினைவூட்டினார். “கிடக்கட்டும் அக்கா” என்பதே மறுமொழி. செப்டம்பர்க் குளிர் தொடங்கியபோது அது செம்மஞ்சளாகப் பழுத்து வெடித்தது. உள்ளே குருதிச் சிவப்பில் விதைகள். சின்னம்மா ஒன்றை என் வாயில் இட்டார். விதையைச் சுற்றியிருந்த சதை கசக்கவில்லை, இனித்தது. விதையைத் துப்பச் சொல்லித் தம் உள்ளங்கையை நீட்டினார். எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, தாளில் மடித்துச் சித்தப்பாவின் விசாக் கடிதங்களோடு வைத்தார்.

குழம்பு வைக்க மறந்து, நல்ல காயொன்றை வீணாக்கிவிட்டார் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சித்தப்பாவின் வாக்குப் பொய்க்காதிருக்கவே அந்த முதற்காய் குழம்பாகவில்லை என்பதும், அடுத்த கோடைக்கு விதை எடுத்து வைத்தபோதே, அந்த ஆண்டின் காத்திருப்பை அவர் ஓசையின்றி முடித்துக்கொண்டார் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.