செம்மொழியின் இருபத்திரண்டு மணி நேரம்

நன்னிலம் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் செம்மொழியின் செல்போன் சர்வீஸ் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் போனில் பேசுவது எனக்குக் கேட்கும், நான் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்கும். ஆறு வருடத்தில் எங்களுக்குள் ஒளிவுமறைவு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் அப்பா செல்லதுரை ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். இன்றைக்குச் சொந்தத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு ஆறு மா. செம்மொழி ஐ.டி.ஐ. முடித்து, சென்னைப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தக் கடை போடுவேன் என்று திரும்பி வந்தவள். பெண்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் உருப்படுமா என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது அவளிடம்தான் டிஸ்ப்ளே மாற்றுகிறார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், உடும்புப் பிடி.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாய்க்கால், அதுவும் கடைமடை. முதலில் அவர்கள் ஊர் வயல். அதற்கும் கீழே, வாய்க்கால் முடிந்துபோகிற இடத்தில், என் நான்கு மா. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் மேல்மடைக்கு, இத்தனை நாள் எங்களுக்கு. எங்கள் முறையிலும் முதலில் அவர்கள் ஊர், பிறகு என் ஊர். எங்கள் முறை வரும்போதுதான் மேலே யாரோ திருட்டுத்தனமாக மதகின் ஷட்டரைத் தூக்கித் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொள்வார்கள். போன குறைதீர் கூட்டத்தில் செம்மொழி நாள், மணி, தண்ணீரின் ஆழம் எல்லாம் எழுதிய நோட்டை நீட்டினாள். அதிகாரி புரட்டக்கூட இல்லை. "கையால யாரு வேணா எத வேணா எழுதலாம்மா" என்றார்.

"அப்பக் கையே எழுத வேணாம்" என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள். வாய்க்காலில் ஊன்றிய அளவுகோலுக்கு எதிரே ஒரு கேமரா. பத்து நிமிடத்துக்கு ஒரு படம். படத்தில் தெரியும் ஆழத்தை மெஷினே படித்து நேரத்தோடு பதிந்துகொள்ளும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அப்போது சம்பா, கதிர் வெளியே வரும் முன்னான தொண்டைக்கதிரில் நின்றது. மழையும் ஏமாற்றிவிட்டது. இன்னும் இரண்டு முறைத் தண்ணீர்தான் பாக்கி. வியாழக்கிழமை காலை வருவதைப் பதிந்து காட்டினால்தான் கடைசி முறையாவது முழுசாக வந்து சேரும். இல்லாவிட்டால் இரண்டு ஊரும் பதரைத்தான் அறுக்க வேண்டும்.

கரையில் கரண்ட் கம்பம் கிடையாது, ஒரு சின்ன சோலார் தகடுதான். அதற்குத் தாங்குகிற மாதிரி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கியிருந்தாள். படத்தைப் படிக்கும் மென்பொருளோ மலை போலப் பெரிது. ரெடிமேடாகக் கிடைத்தது இந்தப் போர்டின் சிப்புக்கு ஒத்துவரவில்லை. தன் லேப்டாப்பில் தயாரித்து மாற்றிப் பார்த்தாள், போர்டு ஏற்கவில்லை. கடைசியில், ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகளைப் போர்டே உட்கார்ந்து தனக்குப் புரிகிற மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டாள். அதற்குத்தான் கம்பைல் என்று பெயராம்.

திங்கட்கிழமை முழுக்க ஓடியது. செவ்வாய் காலை கடையைத் திறந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"நின்னுபோச்சு பாய். முப்பத்தெட்டு சதவீதத்துல."

சிப்புக்குள் நான்கு பகுதி உண்டாம், நான்கு கூலியாட்கள் மாதிரி வேலை செய்யுமாம். சீக்கிரம் முடியட்டும் என்று நான்கு பேரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டிருக்கிறாள். இருக்கிற நினைவகமோ ஒருவருக்கே இழுத்துப் பிடித்துத்தான் போதும். ஆளாளுக்கு இழுத்ததில் கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை, மொத்தமும் நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஊரு முழுக்க முறை கேட்டுச் சண்டை போடுற. ஒன் போர்டுக்குள்ளயே எல்லா ஷட்டரையும் ஒண்ணாத் தூக்கிட்டியே!"

முறைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். முதலிலிருந்து, ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று மாற்றிப் போட்டாள். இருபத்திரண்டு மணி நேரம் ஆகுமாம். மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மின்தடை. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கரையில் வைக்க வாங்கிய பேட்டரியில்தான் முதலிலிருந்தே ஓட்டியிருந்தாள். கரண்ட் போனது போர்டுக்குத் தெரியவே இல்லை, கடையின் மின்விசிறி மட்டும் நின்றது. தகரக் கூரையின் அடியில் போர்டு கொதித்தது. ஜெராக்ஸ் ஓடாமல் சும்மா இருந்த நான் ஏ-ஃபோர் பேப்பர் வந்த அட்டையைக் கிழித்து விசிற உட்கார்ந்தேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மெஷினுக்கு விசிறினேன் என்று வீட்டில் சொல்லவே இல்லை. தொண்ணூற்றொரு சதவீதம், தொண்ணூற்று நான்கு. சிவப்பு எழுத்து வரும்போதெல்லாம் விசிறுவதை நிறுத்திவிடுவேன். "அது எச்சரிக்கைதான், வீசுங்க" என்று திட்டுவாள். பதினொன்றேகாலுக்கு நூறு வந்தது.

வியாழன் காலை தண்ணீர் வந்தபோது கேமரா அவர்கள் ஊர் மதகடியில், அளவுகோலும் ஷட்டரும் தெரிகிற மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. அடுத்த திங்களன்று அவள் அனுப்பிய பதிவை நான்தான் பிரிண்ட் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே மேல்மடைக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். வியாழன் பதினொரு மணிக்கு அறுபத்திரண்டு சென்டிமீட்டரிலிருந்து இருபதுக்கு இறங்கி, நாலு மணிக்குத்தான் மறுபடி ஏறியிருந்தது. கூத்தாடாத குறை எனக்கு.

மூன்றாம் பக்கத்தில் கூத்து நின்றது. சனிக்கிழமை பன்னிரண்டு மணியோடு அவர்கள் ஊர் முறை முடிகிறது, செல்லதுரை தன் ஊர் ஷட்டரை மூடி என் ஊருக்குத் தண்ணீரை விட வேண்டும். பன்னிரண்டு நாற்பது வரைக்கும் படத்தில் ஷட்டர் தூக்கியே இருந்தது. என் வயலின் நாற்பது நிமிடம்! ரத்தம் கொதித்தது.

அதற்குள், மகள் சொல்லிக் கேள்விப்பட்டு, செல்லதுரையே கடைக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துரும்மா" என்றார் மகளிடம்.

"எடுத்துட்டா இதுவும் பழைய நோட்டுதாம்ப்பா" என்றாள் செம்மொழி. மூன்று தாளையும் அடுக்கி என் கையில் வைத்தாள். "பாய், மூணு பக்கமும் போடுங்க. பத்து செட்டு."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவளைப் பார்த்தபிறகு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

கூட்டத்தில் அதிகாரி இந்தத் தடவை புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். "இது ஒங்க ஊரு ஷட்டர்தானே? நாப்பது நிமிஷம் லேட்டா மூடியிருக்கு." மேல்மடைக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

செல்லதுரை எழுந்து நின்றார். "ஆமாங்கய்யா, நாந்தான். பயிரப் பாத்தேன், மூடக் கை வரல. தப்புதான். எம் பொண்ணு வச்ச மெஷினு என்னையே விடல, வேற யாருக்குங்க அது பொய் சொல்லப்போவுது?"

சிரிப்பு நின்றது. அதிகாரி முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.

கடைசி முறைக்கு மேல்மடை ஷட்டர்களில் ஆள் போட்டுக் காவல் காத்தார்கள். எங்கள் முறை நாளில் நான் வரப்பில் நின்றிருந்தேன். மணி பன்னிரண்டு. செல்லதுரை போன் பண்ணினார்.

"பாய், மூடிட்டேன். தண்ணி வருதா?"

"இன்னும் வரல."

"வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன், வச்சுராதீங்க."

அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து என் காலடி வெடிப்பில் தண்ணீர் இறங்கியது.

"வந்துருச்சு செல்லதுரை" என்றேன்.