பயற்றங்கொடிக்குக் கட்டிய கம்பளி நூல்

செங் நகரத்து வீட்டில் என் மகள், தப்பாகப் பின்னிவிட்ட கம்பளித் தொப்பியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிந்த நூல் நிமிராமல் சுருண்டு சுருண்டு மேசையில் விழுந்தது. எனக்குப் பயற்றங்கொடி ஞாபகம் வந்தது.

நான் சிறுமியாயிருந்தபோது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் போரிட்ட அவசரகாலத்தில், அலோர் காஜா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மழைமாதப் பிற்பகல்களில் அம்மாவும் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவும் வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னுவார்கள். துரையின் மனைவி கழித்துப்போட்ட உடுப்பிலிருந்து பிரித்தெடுத்த பச்சை நூல் அது. எனக்குத்தான் சட்டை, ஒரு கை மட்டும் பாக்கி. எதிரே அம்மாவின் பயற்றங்கொடி முள்கம்பியில் ஏறிப் பூத்திருந்தது.

ஒருநாள் காவலுக்கு இருந்த மாரிமுத்து அண்ணன் வந்தார்.

"அக்கா, கம்பியில கொடி இருந்தா வெளிய யாரு நிக்கிறான்னு தெரியாதுலா. சாயங்காலத்துக்குள்ள அறுத்திடுங்க."

காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்த காலம்; பூத்த கொடியை அறுக்க மனம் வருமா? கொடியை வேறு பக்கம் ஏற்றக் கயிறு வாங்கக் கடைக்குப் போகலாமென்றால் அன்று கேட்டைத் திறக்கவில்லை. அம்மா என் சட்டையைப் பிரித்தார். அஞ்சலை அக்கா அந்த நூலைக் கூரைக்கு இழுத்துக் கட்டினார். இருவருமாகக் கொடியை முள்ளிலிருந்து விடுவித்து நூலில் ஏற்றினார்கள். நான் அழுதேன்.

"இந்த ஊர்ல ஒனக்கு எங்கடி குளிருது?" என்றார் அம்மா.

காய்ப்பு முடிந்ததும் நூலைக் கழற்றி மறுபடி பின்னினார்கள். நூல் குறைந்துபோனதால் சட்டை அஞ்சலை அக்காவின் கைக்குழந்தைக்குப் போனது. சட்டையின் கழுத்தோரம் காய்ந்த கொடிச்சுருள் ஒன்றும் நூலோடு சேர்ந்து பின்னப்பட்டிருந்தது. அதை யாரும் பிடுங்கவில்லை.