கட்டில் காலியாக இருந்தது

"பேட்டரிய மாத்தினா உள்ள சேவ் பண்ணதெல்லாம் அழிஞ்சிடும். மாத்தலேன்னா அதுவா சாகும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும் தம்பி."

"அழியாம மாத்த வழியே இல்லையாண்ணே?"

"வெளியிலேருந்து கரன்ட் குடுத்துக்கிட்டே மாத்தலாம். கை நடுங்கினா போச்சு. அப்படி என்ன இருக்கு இந்த கேசட்டுல?"

"என் தங்கச்சி விளையாடினது."

"திரும்ப விளையாடச் சொல்ல வேண்டியதுதானே?"

கேசட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். பழைய கேம் மெஷின்களைப் பழுது பார்க்கும் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"வச்சிட்டுப் போங்க. பார்க்கிறேன்."

கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பழைய கேம் மெஷின்களைச் சேர்ப்பவன். அலமாரி நிறைய இருக்கின்றன. மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்கைத் துடைப்பேன். கேசட்டுகளைத் தூசி தட்டி வரிசையாக அடுக்குவேன். விளையாடுவது மட்டும் தங்கை. எனக்கு அவள் வைத்த பெயர் மியூசியம். "மியூசியம், இன்னிக்கு டிக்கெட் எவ்ளோ?" என்றபடி எதையாவது உருவிக்கொண்டு போவாள்.

அவளுக்குப் பிடித்தது ஒரு பண்ணை விளையாட்டு. வெளிநாட்டு நாவல்களில் பெய்வதுபோல் அதில் பனி பெய்துகொண்டேயிருக்கும். நடுவில் ஒரு மரவீடு. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி. சேவ் செய்ய ஒரே வழிதான்: அவளைக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டும். மறுபடி போட்டால் அந்தக் கட்டிலிலிருந்துதான் ஆட்டம் தொடங்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று சிறுமியைப் படுக்கவைத்துவிட்டுத் தங்கை சொன்னாள். "நான் வந்து எழுப்பிக்கிறேன். நீ தொடாத, மியூசியம்."

அவள் வரவில்லை.

நான் தொடவில்லை. இரண்டு வருஷமாக, ஞாயிறு மதியங்களில் கேசட்டைப் போட்டு, தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, கட்டில் காலியாக இருந்தது...

சிறுமி ஜன்னலருகே நின்றாள். பேட்டரி தீரப்போகிறது, சேவ் கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். சேர்ப்பவன் புத்தி அப்படித்தான் போகும்.

அடுத்த ஞாயிறு. மணி மூன்று பத்து. இப்போது கதவருகே நின்றாள். டிவியின் சத்தத்தை நான் முழுக்கக் குறைத்திருந்தேன். ஆனாலும் கேட்டது. மரத்தரையில்... டக்... டக்...

கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கினேன்.

டக்.

சிறுமி திரும்பினாள்.

அந்த விளையாட்டில் அவளுக்கு முகமே வரையவில்லை. தொப்பி மட்டும்தான்.

இப்போது முகம் இருந்தது.

படம் நடுங்கியது. அணைத்துவிட்டேன். அவள் அழிந்துவிடுவாளே... எனக்கு அந்த ஒரு பயம்தான்.

மறுநாள் காலையில்தான் கேசட்டைக் கடையில் கொடுத்தேன். சாயங்காலமே போன் வந்தது.

"தம்பி, கேசட்டப் பிரிச்சுட்டேன். பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. பட்டையெல்லாம் அரிச்சு உதிருது. ரெண்டு வருஷமாவது இருக்கும். இதுல ஒரு எழுத்துகூட நின்னிருக்க முடியாது."

அவருக்குப் பின்னால் ஏதோ சத்தம். டக்... டக்...

"போட்டுப் பார்த்தீங்களாண்ணே?"

"போட்டேன். அணைச்சேன். படம் போகல." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தப் புள்ள வீட்ட விட்டு வெளிய வந்து, பனியில நிக்குது தம்பி. ரோட்டையே பார்த்துக்கிட்டு நிக்குது. தனியா விட்டுட்டுக் கடைய சாத்த மனசு வரல. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடறீங்களா?"