ஒன்பது நிமிட வித்தியாசம்

காகித ஆலையில் அவளுக்கு ‘நாடி பார்க்கிறவள்’ என்று பெயர். அங்கே நாற்பத்திரண்டு இயந்திரங்களின் மேல் தீப்பெட்டி அளவில் கருவிகள் ஒட்டியிருந்தன. இயந்திரத்தின் அதிர்வையும் சூட்டையும் அளந்து தம்மிடமே வைத்துக்கொள்ளும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவற்றிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கணினியில் கோடுகளாக்கிப் பார்ப்பதுதான் பத்து வருடமாக அவள் வேலை.

அவள் உயிரை வாங்கியவை அந்தக் கருவிகளின் கடிகாரங்கள். மின்சாரம் போய் வந்தால் போதும், ஆளுக்கொரு நேரம் காட்டும். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரம் காட்டவைக்கும் சாதனம் வேண்டுமென்று நான்கு முறை எழுதிக் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல். கையால் திருத்திக்கொண்டே இருந்தாள். இங்கே சரியானால் அங்கே பிசகும்.

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவள் மாமா என்று கூப்பிடும் அக்காவின் கணவர், அங்கேயே ஃபிட்டர். அவளுடைய கருவிகளைவிடத் தன் காதுக்கு முதலில் தெரியும் என்று கேலி செய்வார். ஆனால் எந்த இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்று அவள் சொன்னாலும், மறுபேச்சில்லாமல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்த மாதம் மூன்றாவது உலர்த்தி விசிறியின் பேரிங்கில் அதிர்வு ஏறத் தொடங்கியது. நாளுக்கு நாள் ஏறியது. வரைபடத்தோடு மேலாளரிடம் போனாள். மோட்டார் பக்கத்துக் கருவியின் கடிகாரத்துக்கும் விசிறிப் பக்கத்துக் கருவியின் கடிகாரத்துக்கும் ஒன்பது நிமிட வித்தியாசம்; ஒரு கோடு ஏறும் இடத்தில் மற்றது இறங்கியிருந்தது. அவர் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ரெண்டு கதை சொல்லுது. எதை நம்பி நான் மிஷினை நிறுத்துறது?”

“நேரம்தான் சார் தப்பு. அதிர்வு தப்பில்ல.”

அவளாக நகர்த்திய கோடு செல்லாது, முதலில் கருவிகளிலேயே நேரத்தை ஒன்றாக்கிக்கொண்டு வரச் சொன்னார். பழைய கணக்கு முழுவதையும் கருவிகளிடமிருந்து மறுபடி வாங்க வேண்டும். அந்த மெதுவான இணைப்பில் அதற்கு இரண்டு நாள் ஆகும். அதுவரை விசிறி தாங்க வேண்டுமே என்று, பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும்படி மாமாவிடம் கேட்டுக்கொண்டாள். அவர் காலையும் மாலையும் வைத்தார்.

இரண்டாம் நாள் பிற்பகல், திரையில் முக்கால்வாசி வந்திருந்தபோது தரை அதிர்ந்தது. அவள் ஓடினாள். விசிறி கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே கிடந்தது. கிரீஸ் துப்பாக்கியும் மாமாவும் அதற்கு அந்தப் பக்கம் கிடந்தார்கள்.

வலது கை முழங்கைக்கு மேலே போயிற்று. ஆஸ்பத்திரியில் அவரே, “தலைக்கு வந்தது கையோட போச்சு,” என்றார். சிரிக்கவும் செய்தார். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

விசாரணை அறிக்கை அரைப் பக்கம்தான். கருவிகளின் நேரத்தைச் சரியாகப் பராமரிக்காததால் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பராமரிக்க வேண்டியவள் அவள்தான். வேலையை விட்டு அனுப்பவில்லை. அதுவே பெரிய மனசு என்று மேலாளர் சொன்னதாகக் கேள்வி.

மூன்று மாதம் கழித்து அவள் கேட்ட சாதனம் வந்து இறங்கியது. அவள் அந்தப் பழைய கணக்கை எடுத்து, ஒன்பது நிமிடம் நகர்த்திப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. முதல் எச்சரிக்கை விபத்துக்குப் பதின்மூன்று நாள் முன்பே இருந்தது. மேலாளர் அதைக் கையில் வாங்கவே இல்லை. முடிந்துபோன விஷயம் என்றார்.

மாமாவுக்காவது உண்மை தெரியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனாள். இடது கையால் சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தவர், காகிதத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“பதிமூணு நாளா கத்தியிருக்கு.”

“ஆமா மாமா.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் என்னை அனுப்பினியா?”

நிறுத்தத் தனக்கு அதிகாரமில்லை, வேறு வழி தெரியவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. அக்கா வந்து காகிதத்தை எடுத்து நான்காக மடித்தாள்.

“இதை இங்க வைக்காதே. எடுத்துட்டுப் போயிடு.”

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.