ராஜாக்கள் கியூவில் நிற்கிறார்கள்

என் வீட்டுக்காரர் ரெக்சனுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, கல்யாணமான மறுநாள் "மீன் குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டு, உண்மையான பதிலை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அவருக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது வயது முப்பத்தொன்று. அதுவரை தெருவே அவரை முசுடு என்றது. நானும்தான் சொன்னேன்.

கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் சரக்குப் பேப்பர் சரிபார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தால் அட்டை வெட்டுவார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய நாற்பதும் குட்டிக் குட்டிக் கிரேன்களாகிவிட்டன. "இவருக்குப் பாதி மருந்து இந்த அட்டைதாம்மா, நிறுத்திராதீங்க" என்றார் டாக்டர். அதனால் கத்தரிக்கோலை நான் ஒளித்து வைப்பதில்லை.

கோயில் கிறிஸ்துமஸ் குடிலை வருடாவருடம் அவர்தான் செய்வார். போன வருடத்துக்கு முந்தின வருடம் மட்டும் கோயில் கமிட்டிக்காரர்கள் கடையில் வாங்கிய குடிலை வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையே போகப் பார்த்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இந்த முறை அவர் செய்தது முழுத் துறைமுகம். குழந்தை இயேசு திறந்த கன்டெய்னரில் வைக்கோல் மேல் படுத்திருந்தார். மூன்று ராஜாக்களோ கேட்டுக்கு வெளியே, ஒட்டகங்களை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்குப் பின்னால் கியூவில்!

கமிட்டித் தலைவர் ஜோன்ஸ் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

"ஏலே, ராஜாக்கள உள்ள தூக்கி வை. இல்லன்னா நாளைக்கே குடிலப் பிரிச்சிருவேன்."

ரெக்சன் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ராஜாக்கள் கொண்டு வர்றது பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். மூணுக்கும் பேப்பர் இல்ல. உள்ள விட முடியாது."

இன்னொரு மூன்று வாரக் கட்டில் என் கண்ணுக்குள் வந்தது. அதனாலேயே வாய் நீண்டது. "ஏன் அண்ணாச்சி, உங்க சரக்கு மட்டும் பேப்பர் இல்லாமலா உள்ள போகுது?"

கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக வந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருசமா கஸ்டம்ஸ் பாக்கேன், எனக்கே பேப்பரா? ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாளு. அதுக்குள்ள பேப்பர் கொண்டாரேன் பாரு. அதுவர ஒருத்தனும் குடிலத் தொடக் கூடாது!"

தொடக்கூடாது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன் என்று அன்றிரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மூன்று படிவங்கள் வீடு தேடி வந்தன. அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி! ரெக்சன் படித்தார், திரும்பப் படித்தார். விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். செருப்பும் இல்லை. மறுபடியும் முடங்கப்போகிறார் என்று பயந்து கோயில், கடற்கரை, கிடங்கு எல்லாம் தேடி, கடைசியில் ஜோன்ஸ் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன், ஒரு கை பார்த்துவிடலாம் என்று.

முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே லுங்கியும் பேனாவுமாக அண்ணாச்சி.

"அனுப்புற நாடுன்னு போட்ட இடத்துல கிழக்குன்னு எழுதிருக்கீங்க" என்றார் ரெக்சன். "கிழக்குன்னு ஒரு நாடு கிடையாது."

"பைபிள்லயே அவ்வளவுதாம்ல இருக்கு! நான் என்னத்த எழுத?"

"தப்புன்னா திருப்பி அனுப்பணும். அனுப்புனா இன்னைக்கு அவங்க உள்ள போக முடியாது. அதான் நானே வந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணமாகி எட்டு வருடம். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவதாக இருக்கும் என் அம்மா வீட்டு வாசலைக்கூட நான் இழுக்காமல் அவர் மிதித்ததில்லை. இங்கே தானாகவே நடந்து வந்திருக்கிறார். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அண்ணாச்சி மனைவி பிளாரன்ஸ் அக்கா எனக்கும் ஒரு டீ கொண்டு வந்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, ஓவென்று அழுதேன்.