குறுக்குத் தாழ்ப்பாள்

காலை ஆறு மணிக்கு வாளியம்மா பயிற்சிக் கூடத்தின் மெத்தை விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான். மருந்துத் தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, மூலையிலிருந்து பின்னோக்கி நகர்ந்தபடி துடைப்பாள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வைத்த பெயர்தான் வாளியம்மா. அவள் வீட்டுக்காரர் அங்கேயே மல்யுத்த மாஸ்டர். "அவரு அழுக்காக்குறாரு, நான் துடைக்கிறேன்" என்று சொல்லிச் சிரிக்கிறவள்தான். இன்றைக்கு நடு விரிப்பு வந்ததும் கை ஓடவில்லை.

அந்தக் கூடத்தில் மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு என்று மூன்று வகுப்புகள். வாசலில் நின்று பார்த்துப் பார்த்தே பிடிகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருத்தி மல்லாந்து கிடக்க, இன்னொருத்தி குறுக்கே விழுந்து மார்பால் அவள் மார்பை அமுக்குவாள். மூன்று வகுப்பிலும் இதே பிடிதான், பெயர்தான் வேறு வேறு. அவளாக வைத்த பெயர் குறுக்குத் தாழ்ப்பாள். மல்யுத்தத்தில் அதற்குத் தோள் பதிப்பு என்று பெயர்; இரண்டு தோளும் தரையில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. ஜூடோவில் இருபது நொடி எண்ணுவார்கள். ஜியு-ஜிட்சுவில் மூன்று நொடி நின்றால் புள்ளி கொடுத்துவிட்டு மேலே ஆடச் சொல்வார்கள். தாங்க முடியாதவள் கையால் தட்டினால் ஜூடோ, ஜியு-ஜிட்சு இரண்டிலும் உடனே விட்டுவிடுவார்கள். மாஸ்டர் வகுப்பில் தட்டுகிற பழக்கம் கிடையாது. விசில் வந்தால்தான் பிடி விடும்.

நேற்று சாயங்காலம் அடியில் கிடந்தவள் வாளியம்மாவின் தங்கை மகள். படிப்புக்காக இவர்கள் வீட்டிலேயே இருக்கிறவள். இரண்டு வருஷம் ஜூடோ போய்விட்டு, மூன்று வாரத்துக்கு முன்புதான் பெரியப்பா வகுப்புக்கு மாறியிருந்தாள். மாஸ்டர் கன்னமும் காதும் விரிப்பில் ஒட்டப் படுத்துக்கொண்டு, இன்னும் பதியாத ஒரு தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கிடந்தவள் விசிலுக்குக் காத்திருந்தாள். அடியில் கிடந்தவள் விரிப்பில் தட்டினாள். மூன்று தடவை. வாளியம்மா துணியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் விலா எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது.

துடைத்து முடித்து வீட்டுக்கு வந்தபோது பெண் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் மாஸ்டர், மல்யுத்தச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய விபத்துப் படிவத்தோடு.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"தோள் பதிப்பு. வேற ஒண்ணும் இல்ல. நீயும் அங்கதானே இருந்தே, கீழ ஒரு கையெழுத்துப் போடு."

"இருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு இருக்கலையே. அவ தட்டினதை எங்க காணோம்?"

"அது ஜூடோப் பிடின்னு ஆச்சுன்னா, தட்டியும் விடலைன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் வகுப்புல நடந்ததுக்கு மல்யுத்தப் பேருதான்."

"பேரை என்னவா வேணா வச்சுக்கோங்க. அடியில கிடந்தது நம்ம பொண்ணு. பாத்ததைத்தான் நான் எழுதுவேன்."

"உன் வாளியும் சேர்ந்துதான் போகும்."

"போகட்டுமே. முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க பெரியம்மா, வலிக்குது." பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, உங்க காது தரையிலதானே இருந்துச்சு. நான் தட்டினது கேக்கலையா?"

மாஸ்டர் பேனாவை மூடினார். படிவத்தைக் கட்டில் ஓரத்திலேயே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.